இன்ஜின் கத்தும், வண்டி போகாது

வத்தல்மலையில் தார்ச்சாலையை விட்டு இறங்கி, காப்பித் தோட்டங்களுக்குப் போகும் மண்பாதையில் ஏறிக்கொண்டிருந்தேன். மண்ணுக்கும் கல்லுக்கும் என்று ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கிய டர்ட் பைக். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் அலறுகிறது, வண்டி மட்டும் ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்கிறது. எனக்குத் தெரிந்து இன்ஜின் வண்டியின் உயிர். அது இப்படிக் கத்தினால் உயிர் போகப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

டவுன் ஒர்க்‌ஷாப் ஒன்றில் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இன்ஜின் வேலை இருக்கு தம்பி. போர், பிஸ்டன் எல்லாம் பாக்கணும். 18,000 ஆவும்" என்றார்கள்.

கடத்தூருக்குத் திரும்பி அப்பாவிடம் சொன்னேன். அவர் மெக்கானிக் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"முறுக்கினா சத்தம் ஏறுதா, ஏறலையா?"

"சத்தம் நல்லா ஏறுதுப்பா. வண்டிதான் போவல."

"அப்ப இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. காசு குடுத்துடாத."

இந்தக் கேள்வியைக் கற்றுக்கொள்ள அப்பா ஒரு வண்டியையும் ஒரு தொழிலையும் விலையாகக் கொடுத்திருந்தார். எனக்கு அது தெரியும். ஆனால் அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று அதுவரை யோசித்ததில்லை.

*

எங்கள் ஊர் வெற்றிலைக்குப் பேர் போனது. வெற்றிலையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நாரால் இறுக்கிக் கட்டுவார்கள். இறுகக் கட்டினால் மொத்தமும் ஒரே பொருள் மாதிரி நிற்கும். நார் தளர்ந்தால் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நழுவும். பைக்கின் கிளட்சும் ஏறக்குறைய இதுதான். உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட்டுகள் இன்ஜின் பக்கம், இரும்புப் பிளேட்டுகள் கியர் பாக்ஸ் பக்கம் என்று மாறி மாறி அடுக்கியிருக்கும். ஸ்பிரிங்குகள் அவற்றை அழுத்திப் பிடிக்கும். லீவரைப் பிடித்தால் அழுத்தம் விலகும், விட்டால் எல்லாம் சேர்ந்து சுழலும்.

ஸ்பிரிங் தளர்ந்தாலோ, பிளேட் தேய்ந்தாலோ, பிளேட்டின் முகம் வழுக்கினாலோ இன்ஜின் தன்பாட்டுக்குச் சுற்றும், சக்கரத்துக்கு அதில் பாதிதான் போய்ச் சேரும். இதைத்தான் கிளட்ச் ஸ்லிப் என்கிறோம். இன்ஜின் ஆரோக்கியமாக இருப்பதால்தான் அப்படிக் கத்துகிறது. கேட்கிறவனுக்கோ அது சாவுச் சத்தம்.

*

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் எங்கள் மாவட்டத்துக்கும் பங்குண்டு. 1965இல் சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி மாவட்டம் உருவானது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகும்வரை ஓசூர் எங்களோடுதான் இருந்தது. அந்த ஓசூரிலிருந்து 1980இல் டிவிஎஸ் 50 வந்தது. அதில் கிளட்ச் லீவரே கிடையாது. வேகம் கூடினால் உள்ளே இருக்கும் கட்டைகள் விரிந்து தானாகப் பிடித்துக்கொள்ளும். சைக்கிளிலிருந்து மோட்டாருக்கு மாறிய ஒரு தலைமுறை, கிளட்ச் என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் வண்டி ஓட்டப் பழகியது.

மைசூரில் 1961 முதல் தயாரான ஜாவாவும் அதன் வழிவந்த யெஸ்டியும் இன்னொரு விதம். கியர் லீவரைக் காலால் மிதித்தாலே கிளட்ச் விலகும், கை வேண்டியதில்லை. சென்னை திருவொற்றியூர் புல்லட்டிலோ இன்ஜினுக்கு ஓர் ஆயில், கிளட்ச் இருக்கும் செயின் பெட்டிக்கு ஓர் ஆயில், கியர் பாக்ஸுக்குத் தனியாக மசகு என்று மூன்று அறைகள். அதன் கிக்கரும் கிளட்ச் வழியாகத்தான் இன்ஜினைச் சுற்றும். கிளட்ச் தேய்ந்தால் கிக்கரே வழுக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். எந்த அறையில் நோய் என்று வண்டியே சொன்ன காலம் அது.

1985இல் இரண்டு வண்டிகள் வந்தன. யமஹா ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக். அதன் இன்ஜின் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடும், கிளட்சும் கியரும் வேறொரு ஆயிலில் முங்கிக் கிடக்கும். ஹீரோ ஹோண்டா சிடி 100 ஃபோர் ஸ்ட்ரோக். இதில் பிஸ்டனுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில். புகைக் கட்டுப்பாடு இறுக இறுக டூ ஸ்ட்ரோக் பைக்குகள் மறைந்தன, ஒற்றை ஆயில் வண்டிகள் வென்றன. 2009இல் வந்த கிளாசிக் வரிசையில் புல்லட் குடும்பமும் மூன்று அறைகளை ஒன்றாக்கிக்கொண்டது.

பராமரிப்பு எளிதானது உண்மைதான். ஆனால் பிஸ்டனுக்கு ஆயில் வழுக்க வேண்டும், கிளட்சுக்கோ பிடி வேண்டும். ஒரே ஆயில் இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்கிறது. கார்களில் பொதுவாக கிளட்ச் இன்ஜின் ஆயிலைத் தொடாத உலர்ந்த கிளட்ச், அதனால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. எரிபொருள் மிச்சமாக வேண்டும் என்று கார் ஆயில்களில் உராய்வு குறைக்கும் சேர்மானங்கள் கூடியபோது அடி வாங்கியது பைக்தான். ஜப்பானியர்கள் 1998இல் ஜாசோ என்ற பெயரில் பைக் ஆயிலுக்குத் தனித் தரம் வகுத்தார்கள். எம்ஏ என்றால் ஆயிலில் முங்கும் கிளட்சுக்கு ஏற்றது. எம்பி என்றால் உராய்வு குறைந்தது, கிளட்ச் ஆயிலில் முங்காத ஸ்கூட்டர் மாதிரி வண்டிகளுக்கு. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். நான் அதைப் படித்ததே இல்லை.

*

அப்பாவின் கதை 1997இல் நடந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு டூ ஸ்ட்ரோக் வண்டியில் தோட்டம் தோட்டமாகப் போய் வெற்றிலை எடுத்து, மூட்டை கட்டிச் சந்தைக்குக் கொண்டுவருவார். மேடு வந்தால் வண்டி கத்தும், ஏறாது. ஒரு பட்டறையில் "கியர் பாக்ஸ் காலி, செலவு பண்றது வீண்" என்றார்கள். 3,500 ரூபாய்க்குத் தள்ளிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்துச் சந்தையில் அதே வண்டி, வேறொருவரின் மூட்டைகளோடு. "பிளேட்டும் ஸ்பிரிங்கும் மாத்தினேன்ணா, சும்மா பறக்குது" என்றாராம் அவர்.

அதற்குள் அப்பா பஸ்ஸில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்குக் காத்திருந்து சந்தைக்குப் பிந்திப் போனால் விலை இறங்கியிருக்கும். அடுத்த வருஷம் வியாபாரத்தை விட்டுவிட்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். நான் ஆறாவது முடிக்கும்வரை அவரைப் பண்டிகைகளில்தான் பார்த்தேன்.

*

கடத்தூரில் பழைய மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். ஸ்பேனரை எடுக்கும் முன்பே அவர் பாதி வேலையை முடித்துவிட்டார்.

முதலில் லீவரைத் தொட்டுப் பார்த்தார். முனையில் 10 முதல் 15 மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும். ஆட்டமே இல்லாவிட்டால் ஒயர் எப்போதும் கிளட்சை லேசாக இழுத்துப் பிடித்திருக்கும், அதனாலேயே வழுக்கும். பிளேட் தேயத் தேய இந்த ஆட்டம் குறைவதும் உண்டு. என் வண்டியில் ஆட்டம் சரியாக இருந்தது.

பிறகு சமதளத்தில் ஓட்டினார். டாப் கியரில் நிதானமாகப் போய், சட்டென்று முழுதாக முறுக்கினார். சத்தம் எகிறியது, வேகம் ஏறவில்லை. டாப் கியரில்தான் கிளட்சின் மேல் பாரம் அதிகம், அதனால் நோய் முதலில் அங்கேதான் தெரியும். "சத்தமும் ஏறல, வேகமும் ஏறலன்னா இன்ஜின் பக்கம் பாக்கணும். ஏதோ ஒரு கியர்ல மட்டும் டக்குனு நழுவி வெளிய வந்தா கியர் பாக்ஸ். செயினு தேஞ்சிருந்தா பல்லு தாவுற சத்தம் கேக்கும். எல்லா கியர்லயும் மொழமொழன்னு வழுக்கினா கிளட்ச்சு" என்றார்.

கடைசியாகத்தான் கேட்டார். "தம்பி, இன்னா ஆயிலு ஊத்துன?"

மாமாவின் காருக்கு ஊற்றியதுபோக மீந்திருந்ததை ஊற்றியிருந்தேன். வீணாகக் கூடாதே என்று.

அதை வடித்துவிட்டு எம்ஏ2 ஆயில் ஊற்றி ஒரு வாரம் ஓட்டச் சொன்னார். சில வண்டிகள் அதிலேயே தேறிவிடுமாம். என்னுடையது கொஞ்சம்தான் தேறியது. வழுக்கலோடு மலை ஏற்றியதில் பிளேட்டின் முகம் வெந்து பளபளப்பாகிவிட்டிருந்தது. பிளேட் செட்டும் ஸ்பிரிங்கும் கூலியும் சேர்த்து 2,600 ரூபாய். போரையும் பிஸ்டனையும் யாரும் தொடவில்லை.

கழற்றிய பழைய பிளேட்டுகளை மெக்கானிக் அண்ணன் ஒரு நியூஸ்பேப்பரில் வைத்தார். அப்பா ஒன்றை எடுத்து, ஆயிலை விரலால் வழித்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் கிளட்ச் பிளேட்டைப் பார்ப்பது அதுதான் முதல் முறை.

"இதானா?" என்றார். "இவ்ளோ மெலிசா இருக்குது."

மெக்கானிக் அண்ணனுக்கு எதுவும் தெரியாது. "ஆமாண்ணா, 3 மில்லிமீட்டர்கூட வராது" என்றார். அப்பா அதைப் பேப்பரில் திரும்ப வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார்.