அடிக்கடி யூரின், எரிச்சல்... கர்ப்பமா, சூடா, இன்ஃபெக்ஷனா?

``ஒண்ணுமில்லடி, சூடு புடிச்சிருக்கு. தொப்புள்ல விளக்கெண்ணெய் வெச்சுட்டு ரெண்டு டம்ளர் மோர் குடி!'' - நீர்க்கடுப்பு என்றதும் நம் வீடுகளில் முதலில் கிடைக்கும் வைத்தியம் இதுதான். மோர் குடிப்பதில் தப்பில்லை. ஆனா, கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதும் கர்ப்பமா இருக்கும்போதும் எல்லா எரிச்சலையும் சூட்டின் கணக்கில் எழுதிவிட முடியாது. எதற்கு பயப்பட வேண்டாம், எதை அலட்சியப்படுத்தவே கூடாது? பார்ப்போம்.

நாள் தள்ளிப்போகுதா?

கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களிலேயே சிலருக்கு அடிக்கடி யூரின் வரும். ஹார்மோன் மாற்றங்களால் சிறுநீரகங்களுக்குப் போகும் ரத்தத்தின் அளவு கூடுகிறது. அவை அதிகம் வடிகட்ட, யூரினும் அதிகமாகிறது. சந்தேகம் இருந்தால், பீரியட்ஸ் தள்ளிப்போன முதல் நாளிலிருந்து, காலையில் போகும் முதல் யூரினில் ஹோம் டெஸ்ட் செய்து பார்க்கலாம்.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அடிக்கடி போவது கர்ப்பத்தின் அறிகுறியாக இருக்கலாம். எரிச்சலும் வலியும் அப்படி அல்ல. அது பெரும்பாலும் இன்ஃபெக்ஷன். திட்டமிடும் காலத்திலேயே டாக்டரைப் பார்த்து அதைச் சரிசெய்துகொள்வது நல்லது.

எது நார்மல்?

முதல் மூன்று மாதங்களில் அடிக்கடி போவது, கர்ப்பப்பை மேலே எழும்பும் நடு மாதங்களில் கொஞ்சம் குறைவது, கடைசி மாதங்களில் குழந்தையின் தலை சிறுநீர்ப்பையை அழுத்துவதால் மறுபடி கூடுவது... இதெல்லாம் இயல்பு. தும்மினால், சிரித்தால் சில சொட்டு கசிவதும் பலருக்கு நடக்கும். யூரினை அடக்குவதுபோல இடுப்புத்தளத் தசைகளை 5 விநாடிகள் இறுக்கித் தளர்த்தும் கீகல் பயிற்சி இதற்கு உதவும். 10 முறை, தினமும் மூன்று வேளை செய்யலாம். யூரின் போகும்போது மட்டும் செய்ய வேண்டாம்.

ஆனா, நீர் தொடர்ந்து கசிந்துகொண்டே இருந்தால், அது பனிக்குட நீராகவும் இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

எது இன்ஃபெக்ஷன்?

பெண்களின் சிறுநீர்க்குழாய் சுமார் 4 செ.மீ நீளம்தான். ஆசனவாயும் பக்கத்திலேயே இருப்பதால், குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா சுலபமாக உள்ளே போய்விடும். கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சிறுநீர்ப்பாதையைத் தளர்த்துவதால், யூரின் அங்கே தேங்கி, கிருமிகளுக்கு வசதியாகிவிடுகிறது.

எரிச்சல், அவசரமாகப் போயும் சொட்டுச் சொட்டாக வருவது, அடிவயிற்று வலி, துர்நாற்றம், ரத்தம் - இவைதான் அறிகுறிகள். எந்த அறிகுறியும் இல்லாமலும் கிருமி இருக்கலாம். கவனிக்காவிட்டால் தொற்று சிறுநீரகம் வரை ஏறி, குறைப்பிரசவத்துக்கும் வழிவகுக்கலாம். அதனால்தான் செக்கப்பில் யூரின் டெஸ்ட் எழுதிக்கொடுக்கிறார்கள். `எனக்குத்தான் ஒண்ணுமில்லையே'ன்னு அதைத் தவிர்க்காதீங்க.

சாம்பிள் கொடுக்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். கல்ச்சர் டெஸ்ட் ரிசல்ட் வர இரண்டு, மூன்று நாள்கள் ஆகும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களே ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீங்க. சில மருந்துகள் கர்ப்பத்தில் கூடவே கூடாது. டாக்டர் கொடுத்த மாத்திரையையும், எரிச்சல் நின்றதும் பாதியில் நிறுத்தாதீங்க.

அதே நாளில் டாக்டரைப் பார்க்க வேண்டியது எப்போது?

* குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், விலா அல்லது முதுகுப்பக்க வலி, வாந்தி - தொற்று சிறுநீரகத்துக்குப் போயிருக்கலாம்.
* 20 வாரங்களுக்கு மேல் கடுமையான தலைவலி, பார்வை மங்கல், திடீர் முகவீக்கம் - ரத்த அழுத்தத்தையும் யூரினில் புரதம் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.
* வாந்தியால் தண்ணீர்கூட தங்காமல், யூரின் குறைந்து அடர் நிறத்தில் போவது.

தீராத தாகத்துடன் யூரின் அதிகம் போனால் சுகர் டெஸ்ட் அவசியம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுக்கும் அளவு 140-ஐ தொட்டால், அது கர்ப்பகால நீரிழிவு. அறிகுறி இல்லாவிட்டாலும் 24 - 28 வாரங்களில் இந்த டெஸ்ட் எல்லோருக்கும் தேவை.

தண்ணீரைக் குறைக்காதீங்க!

பஸ் பயணம், துணிக்கடை வேலை, சுத்தமில்லாத டாய்லெட்... `போக இடமில்லை' என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் இங்கே ஏராளம். நாள் முழுக்க நின்று வேலை செய்யும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. கர்ப்பிணிக்கு இருக்கை எவ்வளவு முக்கியமோ, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டாய்லெட் போய்வரும் ஐந்து நிமிடமும் அவ்வளவு முக்கியம். அதைத் தயங்காமல் கேளுங்க.

பகலில் நன்றாகத் தண்ணீர் குடித்து, தூங்கும் முன் மட்டும் குறைத்துக்கொள்ளலாம். டீ, காபியைக் குறைக்கலாம். முன்னிருந்து பின்னாகச் சுத்தம் செய்வது, தாம்பத்ய உறவுக்குப் பின் யூரின் போவது, காட்டன் உள்ளாடை - மூன்றும் பழக்கமாகட்டும்.

வாழைத்தண்டும் பார்லியும் சாப்பாட்டில் இருக்கட்டும். ஆனா, எரிச்சல் வந்தா முதலில் யூரின் டெஸ்ட். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதைச் செய்துகொள்ளலாம், தோழிகளே!