பாதணியும் பணிவும்

மனிதன் அணிவனவற்றுள் மண்ணோடு நேரே பொருதுவது பாதணி ஒன்றே. கல்லையும் முள்ளையும் வெயிலையும் தடுத்து அடியைக் காப்பதே அதன் தொழில். எனினும், வரலாற்றை ஆராயுமிடத்து, தலையில் அணியும் முடியைப் போலவே காலில் அணியும் தோலும் உயர்வு தாழ்வைக் காட்டும் குறியாகப் பன்னெடுங்காலம் நின்று வந்திருப்பது புலனாகும். பாதணியை யார் அணியலாம், யார் அணியலாகாது, எவர் முன்னிலையில் அதனைக் கழற்றவேண்டும் என்னும் வினாக்கள் அரசவையிலும் நீதிமன்றத்திலும் ஊர்த் தெருவிலும் எழுந்தன. திருகோணமலைக் கரையோடு தொடர்புடைய செய்திகளை முன்வைத்து அவ்வினாக்களை ஆராய்வது பயனுடைத்து.

பழந்தமிழர் பாதணியை அறியாதவரல்லர். தொடுதோல், செருப்பு என்னும் சொற்கள் சங்க நூல்களிலேயே பயில்கின்றன. மலைபடு பொருளையும் கடல்படு பொருளையும் கொண்டு பெருவழியிற் செல்லும் வணிகரைப் பாடுமிடத்து, பெரும்பாணாற்றுப்படை அவர்தம் பாதணியை ‘அடிபுதை அரணம்’ என்று குறிக்கின்றது. அடியைத் தன்னுள்ளே மறைக்கும் காவல் என்பது அதன் பொருள். செருப்பு அடியைத் தாங்குவது. அடிபுதை அரணமோ அடியை உள்ளடக்குவது. இக்காலத்துப் ‘பூட்சு’ என்பதற்கு இதனினும் பொருத்தமான தமிழ்த்தொடர் கிடைப்பது அரிது. அதனை அப்பாட்டில் அணிந்தோர் மன்னரல்லர். ஆறலைப்போர் அம்பினாற் பட்ட தழும்புடைய மார்போடு காடு கடந்த வணிகர் என்பது கருதற்பாலது. தேவையே ஆங்குப் பாதணிக்குக் காரணமாயிற்று, பெருமையன்று.

அத்தகைய வணிகரின் பெயரால் விளங்கும் இடமொன்று கீழைக்கரையில் உண்டு. திருகோணமலைக்கு வடக்கே, குச்சவெளிக்கு அப்பாலுள்ள திரியாய் என்னும் ஊரின் குன்றின்மேல் வட்டவடிவான பௌத்த கோயிலொன்றின் கற்றூண்கள் நிற்கின்றன. ஆங்குள்ள பாறைக் கல்வெட்டு, பல்லவர் காலக் கிரந்தத்தை ஒத்த எழுத்தில், வடமொழியிற் பொறிக்கப்பட்டது, கி.பி. 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டினது என்பர். திரபுஸ்ஸகர், வல்லிகர் என்னும் பெயர் கொண்ட வணிகக் கூட்டத்தார் அக்கோயிலை நிறுவினர் என்று அது கூறுகின்றது. புத்தர் ஞானம் பெற்றபின் அவருக்கு முதன்முதல் உணவளித்தவராகப் பௌத்தர் போற்றும் இரு வணிகரின் பெயர்களும் இவையே.

அப்பௌத்த நெறி பாதணியைப் பற்றி வகுத்த விதிகள் ஈண்டு நோக்கற்குரியன. விநய பிடகத்தின் மகாவக்கம், துறவிகள் எளிய ஒற்றைத்தோற் செருப்பு அணிய இடந்தருகின்றது. ஆனால், முழங்கால்வரை மூடுவனவும் பஞ்சு பொதிந்தனவும் ஆட்டுக்கொம்புபோல் நுனி வளைந்தனவும் மயிற்பீலி தைத்தனவுமாகிய பாதணிகளை விலக்குகின்றது. விலக்கப்பட்டவற்றின் இந்நீண்ட பட்டியலே, அக்காலத்துச் செல்வர் காலிற் கண்ட அலங்காரம் எத்துணை விரிந்தது என்பதற்குச் சான்றாகும். நோயாளியல்லாத ஒருவன் பாதணியோடு நிற்க அவனுக்கு அறமுரைத்தல் ஆகாது என்பதும் அந்நெறியின் விதி. காலைக் காப்பது குற்றமன்று. கேட்கவேண்டிய இடத்தில் இறுமாந்து நிற்பதே குற்றம் எனக் கொள்ளப்பட்டது.

இந்து சமய மரபிலும் இதனையொத்த நுட்பம் உண்டு. வட இந்தியச் சூரியன் திருவுருவங்கள் முழங்காலளவு உயர்ந்த பூட்சு அணிந்து நிற்பன. வராகமிகிரர் தமது பிருகத் சங்கிதையில், சூரியனை வடபுலத்தார் உடையில், அடிமுதல் மார்புவரை மூடியவாறு அமைக்கவேண்டும் என்று விதித்தார். மதுரா நகரருகே கண்டெடுக்கப்பட்ட கனிஷ்க மன்னனின் தலையற்ற சிலையிலும் அத்தகைய கனத்த பூட்சு காணப்படுகின்றது. மத்திய ஆசியாவின் குளிரிற் குதிரையேறி வந்தோரின் உடை தெய்வத்தின் உடையுமாயிற்று என்று அறிஞர் கருதுவர். புராணமோ வேறு காரணம் கூறும். விசுவகருமன் சூரியனின் ஒளியைச் செதுக்கிக் குறைத்தபொழுது அடிகளை மட்டும் விட்டமையால், அவ்வடிகளைக் காட்டலாகாது என்பது அக்கதை. தென்னாட்டுச் சிற்பியரோ இவ்விதியை ஏற்றிலர். தென்னிந்தியச் சூரியன் வெறுங்காலோடேயே நிற்கின்றான். வெப்பநாட்டில் தெய்வத்திற்கும் தோலுறை வேண்டப்படவில்லை போலும்.

எனினும், பாதணி தன்னளவில் இழிந்தது என்று தமிழ்ச் சைவம் கொண்டதாகக் கூறவியலாது. திருக்காளத்தியிற் கண்ணப்பர், செருப்பணிந்த காலால் முன்னைய பூசையின் மலர்களை நீக்கினார். அக்காலையே இறைவன் திருக்கண்ணில் அடையாளமாக ஊன்றினார். சேக்கிழார் அவரை நாயன்மாருள் ஒருவராகப் போற்றினார். இராமன் இல்லாத 14 ஆண்டுகளும் அயோத்தியின் அரியணையில் வீற்றிருந்தவை அவன் பாதுகைகளே. அன்பு முந்தும்போது தோலும் மரமும் தூய்மை பெறும் என்பதே இவற்றாற் பெறப்படும் கருத்து.

பாதணி அதிகாரத்தின் தனியுடைமையாக மாறியதற்குத் திருகோணமலைக் குடாவோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. புயலாற் சிதைந்த தம் கப்பலைச் செப்பனிடக் கொட்டியாரத்தில் ஒதுங்கிய ஆங்கிலேயர் சிலரை, 1660ஆம் ஆண்டு கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் சிறைப்பிடித்தனர். அவருள் ஒருவரான றொபேட் நொக்ஸ், 1679இல் தப்பிச்சென்று, 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் கண்டி நாட்டாரின் உடையை விரிவாக எழுதினார். பெருமக்களாயினும் எவரும் சப்பாத்தும் காலுறையும் அணிவதில்லை என்றும், அவை அரசனுக்கே உரிய உடை என்றும் அவர் குறித்துள்ளார். காட்டுவழி வணிகனின் காவலாயிருந்த பொருள் ஈண்டு ஒருவனுக்கே உரிய சின்னமாகச் சுருங்கிவிட்டது.

‘சப்பாத்து’ என்னும் சொல்லே ஒரு வரலாற்றுச் சான்றாகும். தமிழகத்தார் ‘பூட்சு’ என்றும் ‘சூ’ என்றும் ஆங்கிலவழி வழங்க, ஈழத்தமிழர் ‘சப்பாத்து’ என்பர். சிங்களத்தார் ‘சபத்து’ என்பர். இரண்டும் போர்த்துக்கேயரின் ‘சப்பாத்து’ என்னும் சொல்லினின்று வந்தவை. அச்சொல்லைக் கொணர்ந்தவரே திருக்கோணேசர் ஆலயத்தை இடித்தனர். 1624இல் அவர்கள் எழுப்பிய கோட்டையில் அக்கோயிலின் கற்கள் பயன்பட்டன. அவர்க்குப்பின் ஒல்லாந்தரும், 1795 முதல் ஆங்கிலேயரும் அக்கோட்டையை ஆண்டனர்.

உலகெங்கும் பெயர்பெற்ற பூட்சு ஒன்றுக்குத் தம் பெயரை ஈந்தவரும் இத்துறைமுகத்திற் காலூன்றியவரே. பிற்காலத்தில் வெலிங்டன் கோமகனாகிய ஆதர் வெல்லெஸ்லி, 1800ஆம் ஆண்டின் இறுதியில், கடற்படையெடுப்புக்கெனத் திருகோணமலையிற் கூட்டப்பட்ட படைக்குத் தலைவராக வந்தார். அவர் தங்கியதாகச் சொல்லப்படும் இல்லம் கோட்டையுள் இன்றும் உண்டு. குஞ்சம் தொங்கும் படைவீரர் பூட்சைக் குஞ்சமின்றிக் காலோடு பொருந்துமாறு திருத்தித் தருமாறு இலண்டன் சப்பாத்துக்காரரிடம் அவர் பிற்காலத்திற் கேட்டார். 1815இல் வாட்டலூவில் வென்றபின் அது நாகரிகமாகப் பரவிற்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதே வடிவம் இறப்பரிற் செய்யப்பட்டபொழுது, பிரபுவின் பூட்சு உழவன் பூட்சாயிற்று. முதலாம் உலகப்போரில், நீர் தேங்கிய பதுங்குகுழிகளில் நின்ற போர்வீரருக்காகப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சோடிகள் செய்யப்பட்டன. அவ்விறப்பர் மரம் 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டு இலங்கையின் விளைபொருளாயிற்று. இலங்கைத் தோட்டங்களிற் பால்வெட்டிய தொழிலாளரோ நெடுங்காலம் வெறுங்காலினராகவே இருந்தனர்.

ஆங்கிலேயர் ஆட்சியிற் பாதணி, பணிவை அளக்கும் கருவியாயிற்று. இந்தியாவிற் பெருமக்களின் முன் செருப்பைக் கழற்றுவது நாட்டு வழக்கம் என்று கூறி, 1823 முதல் 1828 வரை ஆண்ட ஆமெர்ஸ்ட் பிரபு, இந்தியர் தம்முன் வெறுங்காலோடு வரவேண்டும் என்று வற்புறுத்தினார். 1854இல் ஒரு விலக்கு அளிக்கப்பட்டது: ஐரோப்பிய முறையிற் சப்பாத்தும் காலுறையும் அணிந்தவர் அவற்றோடு அரசவைக்கு வரலாம், நாட்டுச் செருப்பணிந்தவர் கழற்றியே ஆகவேண்டும். மதிப்புப் பெறுவதற்கு மனிதன் பிறர் சப்பாத்தினுள் தன் காலைப் புகுத்தவேண்டியதாயிற்று. 1862இல் சூரத்து நீதிமன்றத்தில் மானக்ஜி கவாஸ்ஜி என்னும் பார்சி, நீதிபதி முன் சப்பாத்தைக் கழற்ற மறுத்தார். பொது இடம் வேறு, புனித இடமும் வீடும் வேறு என்பது அவ்வழக்கில் எழுந்த வாதம்.

அதே ஆட்சியாளர் பர்மாவில் எதிர்மாறாக நடந்தனர். மந்தலை மன்னன்முன் சப்பாத்தைக் கழற்றி அமர்வது இழிவு என்று 1875இல் தம் பிரதிநிதியைத் தடுத்தனர். மன்னனை நேரிற் காணும் வழி அதனால் அடைபட்டது. பௌத்த கோயில்களுள்ளும் ஐரோப்பியர் சப்பாத்தோடு நுழைந்தனர். 1916 முதல் பர்மியர் கிளர்ந்தெழுந்தனர். 1919இல் மந்தலைக் கோயிலொன்றிற் கைகலப்பும் நிகழ்ந்தது. அதன்பின்னரே, கோயிலுள் எது மரியாதை என்று முடிவுசெய்யும் உரிமை தலைமைத் துறவியர்க்கு விடப்பட்டது. நாட்டு வழக்கத்துக்கு மதிப்பளிப்பதே நோக்கமாயின் ஆட்சியாளர் பர்மாவிற் கழற்றியிருக்கவேண்டும். கழற்றாமையால், மற்றையோரைத் தாழ்த்துவதே அவர் கருத்து என்பது வெளிப்படை.

ஆயின், அயலாரை மட்டும் குறைகூறி அமைதல் வரலாற்றறிவு ஆகாது. 1930இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதித் திராவிடர்மீது ஆதிக்க சாதியார் விதித்த எட்டுத் தடைகளுள், ஆடவர் குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது என்பனவும் அடங்கும். ஜே. எச். ஹட்டன் தம் நூலில் அவற்றைப் பதிவு செய்துள்ளார். தோலைப் பதப்படுத்திச் செருப்புத் தைத்த குலத்தார், அதனைத் தம் காலில் இட்டுத் தெருவிற் செல்ல இயலாதிருந்தனர். கண்டி மன்னன் ஒருவன் செய்ததை ஈண்டு ஒவ்வொரு தெருவும் செய்தது. ஈழத்திலும், 1968இல் மாவிட்டபுரத்து ஆலயப் பிரவேசப் போராட்டம் நினைவூட்டுவதுபோல, வெறுங்காலோடு வந்து நின்றோரையும் உட்செல்ல விடாத வாயில்கள் இருந்தன. கழற்றுவதற்கு ஒருவனிடம் பாதணியும் இருக்கவேண்டும். கழற்றியபின் அவனுக்கு வாயிலும் திறந்திருக்கவேண்டும். இவ்விரண்டும் இல்லாவிடத்துப் பணிவு என்னும் சொல்லுக்குப் பொருளில்லை.

1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்திற் சப்பாத்து என்னும் சொல் மற்றொரு பொருளும் பெற்றது. திரியாய் மக்கள் தம் வீடும் வயலும் விட்டு இடம்பெயர நேர்ந்த ஆண்டுகள் அவை. அத்தலைமுறைக்கு இரவிற் கேட்ட சப்பாத்தொலி வெறும் ஒலியன்று. கதவைத் தட்டுவதற்கு முன்வரும் அச்சமாகும்.

இடிக்கப்பட்ட திருக்கோணேசர் ஆலயம் மீண்டும் எழுந்து 1963இற் குடமுழுக்குக் கண்டது. அது நிற்பது அக்கோட்டைக்குள்ளேயே. கோட்டையோ இன்றும் படைத்தளமாக உள்ளது. கோட்டையின் கல்வாயிலைக் கடந்து, காவல் நிற்கும் வீரரின் கனத்த பூட்சுகளைத் தாண்டி மலையேறும் அடியார், ஆலய முகப்பில் தம் செருப்பைத் தாமே கழற்றுகின்றனர். எவரும் அவரை ஏவுவதில்லை. செல்வனின் விலையுயர்ந்த சப்பாத்தும் மீனவனின் இறப்பர்ச் செருப்பும் அவ்விடத்தில் அருகருகே கிடக்கின்றன. ஏவலாற் கழற்றுவது அடிமைத்தனம். அன்பினாற் கழற்றுவது வழிபாடு. இரண்டிலும் கால் வெறுங்காலே. ஆயினும், ஒன்று மனிதனைக் குறுக்குவது, மற்றொன்று அனைவரையும் ஒருநிலைப்படுத்துவது. இவ்வேறுபாட்டை உணர்ந்து, எவர் காலையும் வெறுங்காலாக்க எவர்க்கும் உரிமையில்லை என்னும் தெளிவோடு இளைஞர் வாழ்வாராயின், பாதணியின் நெடுவரலாறு அவர்க்குப் பயன்பட்டதாகும்.