தலைக்குள் கேட்ட 'உஸ்' சத்தம்

சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவருக்கு, சில வாரம் கழித்து ஒரு கண் சிவந்து பிதுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்கள்? "மெட்ராஸ் ஐ! கறுப்புக் கண்ணாடி போட்டுக்கோ!" ஆனால் அந்தக் கண் நாடியோடு சேர்ந்து துடித்தால், தலைக்குள் ஓயாமல் 'உஸ்... உஸ்...' என்று கேட்டால், அது சொட்டு மருந்தில் தீருகிற சமாச்சாரம் இல்லை.

மூளைக்குப் போகும் கழுத்துத் தமனி, கண்ணுக்குப் பின்னால் 'கேவர்னஸ் சைனஸ்' என்னும் சிரை அறைக்குள் புகுந்து செல்கிறது. அடிபட்ட வேகத்தில் அங்கே தமனி கிழிந்தால், ரத்தம் நேராகச் சிரைக்குள் பீய்ச்சுகிறது. மோட்டார் குழாயைச் சாக்கடையில் சொருகிய கதைதான். சாக்கடை நிரம்பி வீட்டுக்குள் எதிர்த்து வருவதுபோல ரத்தம் கண்ணுக்குத் திரும்புகிறது. கவனிக்காமல் விட்டால் பார்வையே போய்விடலாம்.

1809-இல் லண்டனில் பெஞ்சமின் டிராவர்ஸ், இப்படிக் கண் துடித்த ஒரு பெண்ணுக்குக் கழுத்துத் தமனியைக் கட்டினார். (அவருக்கு அடி எதுவும் படவில்லை, தானாக வந்தது.) கோளாறு கண்குழிக்குள்தான் என்று டிராவர்ஸ் நினைத்தார். காரணம் தப்பு, வைத்தியம் பலித்தது! நூறு வருஷத்துக்கு மேல் எல்லோரும் அதையே செய்தார்கள். ஆனால் தமனியைக் கட்டினால் மூளைக்கும் ரத்தம் குறையுமே? சிலருக்குப் பக்கவாதம் வந்தது.

1850-களில் பாரிஸில் குடை முனை குத்திய ஒரு மாணவரிடம் நெலாட்டன் உண்மையான இடத்தைச் சரியாக ஊகித்தார். மாணவர் பிழைக்கவில்லை, பிரேதப் பரிசோதனையில் ஓட்டை தெரிந்தது. உயிரோடு இருப்பவரின் தலைக்குள் அதைப் பார்க்க வழி பிறந்தது 1927-இல், எகாஸ் மோனிஸின் ஆஞ்சியோகிராம் வந்தபோது.

நம் ஊரில் மூளை அறுவைக்கென்று தனித்துறையே 1949-இல்தான், வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டியால் தொடங்கியது. மறு வருஷம் சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி. அதற்கு முன்னால் விழுந்தவர்கள் பாடு?

தமனியைக் கட்டாமல் ஓட்டையை மட்டும் அடைக்கும் வழியை 1974-இல் உலகத்துக்குச் சொன்னவர் மாஸ்கோவின் செர்பினென்கோ. ரத்தக்குழாய் வழியாகக் குட்டி பலூனை அனுப்பி, அங்கேயே கழற்றிவிட்டார். இப்போது பெரும்பாலும் தொடை வழியாக மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருள்கள் போகின்றன.

அடைபட்டதா என்று பார்க்க எத்தனையோ படங்கள் வந்துவிட்டன. ஆனாலும் சந்தேகம் வந்தால் டாக்டர் முதலில் செய்வது, மூடிய கண்மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்பதுதான்.