கொல்லிமலை விழாக்களும் ஆட்டங்களும் வழக்கங்களும்

நாமக்கல் மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் பரந்து கிடக்கும் மேட்டுநிலம் கொல்லிமலை. இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கேரள மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் உறவில்லை. இவர்கள் பேசுவது தமிழ். மலை பதினான்கு நாடுகளாகப் பிரிந்து கிடக்கிறது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு என்று நீளும் இந்தப் பெயர்களே இன்று ஊராட்சிகளின் பெயர்களும். கொல்லிமலையின் விழா மரபைப் புரிந்துகொள்ள முதலில் இந்த நாட்டுப் பிரிவை மனத்தில் வைக்க வேண்டும்.

இம்மலையில் கூத்தும் பாட்டும் நடந்ததற்கு மிகப் பழைய சான்று புறநானூற்றின் 152ஆம் பாடல். பாடியவர் வன்பரணர். காட்டில் ஒரு வேட்டுவனைப் பாணர் கூட்டம் சந்திக்கிறது. அவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றைக் கடந்து உடும்பில் போய்த் தைத்திருக்கிறது. கூட்டத்தின் தலைவன் விறலியரிடம் முழவுக்கு மண் பூசச் சொல்கிறான். யாழில் பண் கூட்டச் சொல்கிறான். தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை எல்லாவற்றையும் எடுக்கச் சொல்கிறான். பாடி முடித்து ‘கோ’ என்று விளித்ததும், அது தன் பெயராதலால் வேட்டுவன் நாணி நிற்கிறான். அவனே கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி. பிறகு மான்கறியும் மதுவும் தந்து, தன் மலையில் விளைந்த பொன்னையும் மணிகளையும் அள்ளிக் கொடுக்கிறான். ஒரு கலைக்குழு எந்தெந்தக் கருவிகளோடு வந்தது என்பதை இப்பாடல் துல்லியமாகச் சொல்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான அந்த ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்த செய்தியை அகநானூறு சொல்கிறது. நற்றிணையும் குறுந்தொகையும் போற்றும் கொல்லிப்பாவையை இன்று எட்டுக்கை அம்மனாகவே மக்கள் வணங்குகிறார்கள்.

மலையாளிகளின் சொந்த வரலாறு வாய்மொழியில் இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த அண்ணன் தம்பிகள் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினார்கள் என்பது அந்தக் கதை. லெ பானு 1883இல் எழுதிய சேலம் மாவட்டக் கையேட்டிலும், எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளிலும் இம்மக்களைப் பற்றிய குறிப்புகள் உண்டு. வெளியிலிருந்து வந்தவர்களின் பார்வை அது. ஊர்க்கவுண்டர் முன்னிலையில் ஊர் கூடி நோன்பு சாட்டுவதும், பரிசம் பேசி மணம் முடிப்பதும் இவர்களின் பழைய ஒழுங்குகள். கோயில்காடுகளில் மரம் வெட்டக்கூடாது என்ற கட்டுப்பாட்டால் மலையின் பல பழைய சோலைகள் பிழைத்திருக்கின்றன.

ஆண்டின் பெரிய விழா ஆடிப்பெருக்கு. வளப்பூர் நாட்டில் ஐயாற்றங்கரையில் நிற்கும் அறப்பளீஸ்வரர் கோயில் தேவார வைப்புத்தலம். அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகம் இந்த இறைவனை முன்னிறுத்திப் பாடப்பட்டது. ஆடி 18இல் கீழ்நாட்டு மக்களும் மலைமக்களும் ஆற்றில் நீராடி ஈரத்துணியோடு சன்னதிக்கு வருவார்கள். ஆற்று மீன்களுக்குப் பொரி போடுவது இந்த வழிபாட்டின் ஒரு பகுதி. அறுத்துச் சட்டியில் போட்ட மீன் மறுபடி பொருந்தி ஆற்றில் குதித்தது என்பது தலக்கதை. அதனால் இங்கே எவரும் மீன் பிடிப்பதில்லை. இதே நாட்களில்தான் தமிழக அரசு வல்வில் ஓரி விழாவை நடத்துகிறது. செம்மேட்டில் குதிரைமேல் அமர்ந்த ஓரி சிலைக்கு மாலை சூட்டுகிறார்கள். வில்வித்தைப் போட்டியும் மலர்க் கண்காட்சியும் நடக்கின்றன. பழைய நீராட்டு விழாவின்மேல் அரசு விழா வந்து அமர்ந்தது இரண்டுக்குமே நல்லதாயிற்று. கூட்டம் பெருகியது, மலைமக்களின் சேர்வையாட்டம் போன்றவை மேடைக்கு வந்தன. ஆனால் மேடையில் சில நிமிடங்களுக்குச் சுருங்கும் ஆட்டத்தை, ஊர்க்கோயில் முன்பு மேளத்தோடு இரவெல்லாம் நீளும் ஆட்டத்துக்கு ஈடாகக் கொள்ள முடியாது.

மாசி பெரியசாமி கோயில் வேறு வகை. மலையுச்சியில் வேல்களுக்கு நடுவே இருக்கும் சாமிக்கு, கீழ்நாட்டவர் கிடாயும் சேவலும் கொண்டுவந்து நேர்த்திக்கடன் தீர்த்துப் பொங்கிப் படைக்கிறார்கள்.

பொங்கலை ஒட்டிய எருதாட்டம் சேலம், நாமக்கல் வட்டாரம் முழுவதற்கும் பொதுவானது. காளையின் இருபுறமும் நீண்ட வடம் கட்டி, ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றி ஓட்டுவார்கள். மதுரைப் பக்கத்து வாடிவாசல் ஏறுதழுவலிலிருந்து இது வேறுபட்டது. 2014 மே 7இல் ஏறுதழுவலுக்கு உச்சநீதிமன்றம் விதித்த தடை, 2017 சனவரிப் போராட்டத்துக்குப் பின் வந்த சட்டத்திருத்தம், அது செல்லும் என்ற 2023 மே 18 தீர்ப்பு ஆகிய மூன்றும் எருது விடும் விழாக்களையும் தொட்டன. காளை விழாக்களைத் தடைசெய்யலாமா என்ற இதே கேள்வியை ஸ்பெயினின் கத்தலோனியாவும் சந்தித்தது. 2010இல் அதன் நாடாளுமன்றம் காளைச் சண்டையைத் தடைசெய்தது. அதே ஆண்டில், காளையைத் தெருவில் ஓட்டும் ‘கொர்ரெபவ்’ விழாக்களுக்குத் தனிச் சட்டத்தால் பாதுகாப்பும் தந்தது. 2016இல் காளைச் சண்டைத் தடையை ஸ்பெயின் அரசியல்சட்ட நீதிமன்றம் நீக்கியது. காளையைக் கொல்லும் விளையாட்டையும் ஓட்டும் விழாவையும் அவர்கள் சட்டத்திலேயே பிரித்துப் பார்த்தது கவனிக்கத்தக்கது.

நோன்புப் படையலின் அடிப்படை தானியம். சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவை இம்மலையின் பழைய பயிர்கள். கீழ்நாட்டுச் சேகோ ஆலைகளுக்காக மரவள்ளி பரவியபோது அவற்றின் பரப்பு சுருங்கியது. உரலில் சாமை குத்தும் உழைப்பு பெண்கள்மேல் விழுந்ததும் ஒரு காரணம். உமி நீக்க மணிக்கணக்கில் உலக்கை பிடிக்க வேண்டியிருந்த தானியத்தை விட்டு, ரேஷன் அரிசிக்கு அவர்கள் மாறியதில் குறை காண முடியாது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே பாரம்பரிய விதைகளைச் சேர்த்து, உமி நீக்கும் இயந்திரங்களையும் ஊர்களில் வைத்தது. மகளிர் குழுக்கள் சிறுதானியத்தை அரைத்துப் பொட்டலமிட்டு விற்கத் தொடங்கின.