தண்ணீர் வந்தும் குழாயில் வரவில்லையா? பம்ப் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

தண்ணீர்த் தடை நீங்கிப் பக்கத்து வீட்டில் தண்ணீர் ஓடுகிறது. நம் வீட்டுக் குளியலறைக் குழாயோ காற்றை மட்டும் விடுகிறது. ஜொகூரில் பலருக்கும் இது பழகிப்போன தொல்லை. 2019-இல் பெனுட் ஆற்றில் அம்மோனியா கலந்ததால் சிம்பாங் ரெங்கம் நீர் சுத்திகரிப்பு ஆலை மீண்டும் மீண்டும் மூடப்பட்டது. விநியோகம் இப்படி நின்று திரும்பும்போதெல்லாம் வீட்டுக் குழாய்களில் காற்று அடைத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

காற்று எப்படி அடைக்கிறது?

வீட்டுத் தொட்டி காலியானதும் அதிலிருந்து இறங்கும் குழாயில் காற்று நுழைகிறது. தண்ணீர் திரும்பியதும் பெரும்பகுதி தானாக வெளியேறிவிடும். குழாய் மேலேறி வளைந்து இறங்கும் இடத்தில் மட்டும் சிக்கிக்கொள்ளும். தொட்டித் தண்ணீரின் அழுத்தம் அதன் உயரத்தைப் பொறுத்தது. ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 0.1 பார்தான். கூரைக்கடியில் தொட்டி உள்ள ஒற்றை மாடி வீட்டில், சிக்கிய காற்றைத் தள்ள இது போதாமல் போகலாம்.

கோளாறு எங்கே?

வழக்கமாகச் சமையலறைக் குழாய்க்குத் தண்ணீர் மெயின் குழாயிலிருந்து நேரடியாக வரும். குளியலறைக்குத் தொட்டியிலிருந்து வரும். இதை வைத்தே கோளாறைக் கண்டுபிடிக்கலாம்.

• எல்லாக் குழாயிலும் குறைவு: மீட்டர் அருகிலுள்ள வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா பாருங்கள். அண்டை வீடுகளிலும் அப்படியே என்றால் ரன்ஹில் எஸ்ஏஜே நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள்.

• சமையலறையில் நன்றாக வருகிறது, குளியலறையில் இல்லை: தொட்டியைப் பாருங்கள். காலியாக இருந்தால் மிதவை வால்வு சிக்கியிருக்கலாம். நிரம்பியிருந்தால் பெரும்பாலும் காற்றடைப்புதான்.

• ஒரே குழாயில் மட்டும் குறைவு: குழாய் முனை வலையிலோ ஷவரிலோ மண்ணும் துருவும் சேர்ந்திருக்கும். கழற்றிக் கழுவுங்கள்.

• தடை இல்லாத நாளிலும் குறைவு: பழைய வீடுகளின் இரும்புக் குழாய்கள் உள்ளே துருவேறிக் குறுகிப்போகும். குழாயை மாற்றுவதே வழி.

காற்றை வெளியேற்ற

1. சுடுநீர்க் கருவியின் மின்சுவிட்சை அணைத்துவிட்டு, தொட்டி நிரம்பும்வரை காத்திருங்கள்.

2. வீட்டில் ஆகத் தாழ்வாக உள்ள தொட்டிக் குழாயை முழுதாகத் திறந்து சில நிமிடங்கள் விடுங்கள். தண்ணீர் விட்டுவிட்டு வந்து பிறகு சீராகும். அடுத்து மற்றக் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறங்கள்.

3. அப்படியும் வராவிட்டால், சமையலறைக் குழாயையும் அடைபட்ட குழாயையும் சுத்தமான ரப்பர் குழாயால் இறுக்கமாக இணையுங்கள். முதலில் அடைபட்ட குழாயையும் பிறகு சமையலறைக் குழாயை மெதுவாகவும் திறங்கள். மெயின் அழுத்தம் காற்றைத் தொட்டிப் பக்கம் தள்ளிவிடும். ஓரிரு நிமிடங்களில் சமையலறைக் குழாயை முதலில் மூடி, ரப்பர் குழாயை உடனே கழற்றிவிடுங்கள். அப்படியே விட்டால் தொட்டித் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பக்கூடும்.

தடைக்குப்பின் முதலில் வரும் கலங்கிய தண்ணீரைக் குடிக்க வேண்டாம். வாளியில் பிடித்துக் கழிவறைக்குப் பயன்படுத்துங்கள்.

பம்ப் தேவையா?

காற்றடைப்புக்குப் பம்ப் மருந்தல்ல. தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்ப்தான் கெடும். மெயின் குழாயில் நேரடியாகப் பம்ப் பொருத்தவே கூடாது. அது அண்டை வீட்டாரின் தண்ணீரை இழுப்பதோடு, குழாயில் விரிசல் இருந்தால் வெளியிலுள்ள அழுக்கு நீரையும் உள்ளே உறிஞ்சிவிடும்.

செலவு யாருடையது?

மீட்டர்வரை உள்ள குழாய் நீர் விநியோக நிறுவனத்தின் பொறுப்பு. அதற்குப்பின் வீட்டுக்காரரின் பொறுப்பு. பழுதுபார்க்க உரிமம் பெற்ற பிளம்பரை அழைப்பது நல்லது. தோட்ட நிர்வாகம் கொடுத்த வீட்டில் குடியிருக்கும் தொழிலாளர் நிலை வேறு. 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டப்படி, அவர்களுக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவது முதலாளியின் கடமை. துருவேறிய குழாய்க்குத் தங்கள் கைப்பணத்தைச் செலவிடும் முன், அவர்கள் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்கலாம். பதில் இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.