கூரையின் செலவு: அத்தாப்பு முதல் அடுக்குமாடி வரை

செங்காங்கில் பன்னிரண்டாம் மாடியில் குடியிருக்கும் மாணவர் ஒருவரிடம், "உங்கள் வீட்டுக் கூரை எதனால் ஆனது?" என்று கேட்டால் அவர் சற்றுத் தயங்குவார். அவர் தலைக்கு மேலிருப்பது பதின்மூன்றாம் மாடிக்காரரின் தரை. முகடு, கைமரம், இறவாணம், கீற்று ஆகிய சொற்களை அவர் அகராதியிலோ பாடநூலிலோ கண்டிருக்கலாம். நிமிர்ந்து பார்த்து அறிந்திருக்க வாய்ப்பில்லை. கூரையை 'வேய்தல்' என்னும் அழகிய வினைகூட நம் பேச்சிலிருந்து ஏறத்தாழ விடைபெற்றுவிட்டது.

கூரைப் பொருள்களை ஒப்பிடுவோர் வழக்கமாக விலை, ஆயுள், வெப்பம் ஆகிய மூன்றையும் பார்ப்பர். இவ்வுரையில் நாம் நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்வோம்: கூரை கெட்டால் இழப்பு யாரைச் சேர்கிறது?

சிங்கப்பூரின் பழைய கூரை அத்தாப்பு. நீப்பா என்னும் சதுப்புநிலப் பனையின் ஓலையைக் குச்சியின்மேல் மடித்துத் தைத்து, அந்த வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அடுக்குவர். தமிழகத்துத் தென்னங்கீற்றை அறிந்து வந்தவர்களுக்கு இது அயலான தொழிலாகத் தோன்றியிராது. எடை குறைவு, மெல்லிய மரக்கால்களே தாங்கும். ஓலை வெயிலைச் சேமித்து வைப்பதில்லை. இடுக்குகள் வழியே காற்று புகும். குளிர்ச்சியில் இதனை வென்ற கூரை பின்னாளில் வந்ததாக நாம் எண்ணவில்லை. ஆயினும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி வேய வேண்டும். ஒரு தீப்பொறி போதும், எரிந்துவிடும்.

இவ்விரு பக்கங்களையும் ஒருவருடைய வாழ்விலேயே காணலாம். பினாங்கிலிருந்து 1819இல் ராஃபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளை, தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை அமைத்தார். இந்நகரின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரராக அறியப்படுபவர் அவரே. பின்னர் கிராஸ் ஸ்திரீட்டில் அவர் நடத்திய துணிக்கடை 1822இல் தீக்கிரையாகி, அவர் கடனில் மூழ்கினார். அவரே 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மனுக்கு எழுப்பிய கோயில் மரமும் அத்தாப்பும் கொண்டது. செங்கல் சுட்டவர், தீயினால் இழந்தவர், அம்மனுக்கு ஓலைக் கூரையே வேய்ந்தார். அக்காலத்தில் பெரும்பாலோர்க்கு எட்டிய கூரை அதுதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? செங்கற் கட்டடம் 1843 வாக்கிலேதான் அமைந்தது.

தீக்கு அரசு கண்ட மருந்து ஓடு. கடைத்தெரு வீடுகள் செங்கல்லும் ஓடும் கொண்டனவாய், முன்புறம் தொடர்ச்சியான தாழ்வாரத்துடன் அமைய வேண்டும் என 1822 நவம்பரில் ராஃபிள்ஸ் நகரக் குழுவுக்கு அறிவுறுத்தினார். இன்று லிட்டில் இந்தியாவில் நாம் நடக்கும் 'ஐந்தடி' நடைபாதை அதன் வழிவந்தது. சுட்ட களிமண் ஓடு எரியாது, நெடுநாள் உழைக்கும். ஆனால் கனமானது, அதனைத் தாங்கத் தடித்த சுவரும் உறுதியான மரச்சட்டங்களும் வேண்டும். ஆகவே ஓட்டுக்கூரையின் விலை ஓட்டின் விலையோடு முடிவதில்லை. அதன் பெரும்பகுதி சுவரில் இருக்கிறது. அச்சுவருக்கான உழைப்பில் ஒரு பங்கு கூலியின்றிப் பெறப்பட்டது. 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் இங்கே பணிசெய்தனர். சிராங்கூன் சாலைச் சூளைகளில் செங்கல் அறுத்துச் சுட்டனர். அச்செங்கல் 1867ஆம் ஆண்டு ஆக்ராக் கண்காட்சியில் பதக்கம் பெற்றதை அவர்களை மேற்பார்த்த மக்நேர் தம் நூலில் பெருமையுடன் குறிப்பிடுகிறார். சுட்டவர்களின் பெயர்கள் பதக்கத்தோடு சேரவில்லை. சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தமையால் தமிழர் அவ்வட்டாரத்தைச் 'சுண்ணாம்புக் கம்பம்' என்று அழைத்தனர், அப்பெயராவது எஞ்சியது.

லண்டனில் ஹென்றி பாமர் 1829இல் காப்புரிமை பெற்ற நெளியிரும்புத் தகடு, துத்தநாகப் பூச்சேற்று உலகெங்கும் பரவியது. கிடங்குகளுக்கும் பட்டறைகளுக்கும் அதுவே ஏற்றது: குறைந்த தூண்களால் அகன்ற வெளியை மூடலாம். கம்பத்து வீடுகளிலும் அது அத்தாப்பை மெல்ல விலக்கியது. நண்பகலில் வீடு அடுப்பாகும். மழை பெய்தால் பேச்சுக் கேட்காது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும் தீவில் இது சிறு குறையன்று. எனினும் நிலத்தின்மீது நிலையான உரிமை இல்லாத குடும்பம், நாளை கழற்றி எடுத்துச் செல்லத்தக்க கூரையைத்தான் தேர்ந்தெடுக்கும். செங்காங்குக்கு அருகில், பெருநிலப்பகுதியின் கடைசிக் கம்பமாகிய லோரோங் புவாங்கோக்கில் அத்தகரக் கூரைகளை இன்றும் காணலாம். ஆசிரியர்கள் மாணவர்களை மழைநாளில் அங்கு அழைத்துச் சென்றால் நன்று. கல்நார் கலந்த சிமெண்டு அட்டையும் சில காலம் புழங்கிற்று. அதன் இழை நுரையீரலைக் கெடுப்பதால் 1989இல் கட்டடங்களில் அதன் பயன்பாடு தடைசெய்யப்பட்டது.

1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. பிற்பகலில் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் தீப்பிடித்தது. காற்று வீச, எரியும் ஓலை கூரைக்குக் கூரை பறந்தது. அன்று மாலைக்குள் 2,200க்கும் மேற்பட்ட அத்தாப்பு வீடுகள் அழிந்தன, நால்வர் மாண்டனர், ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். வேய்வதற்கு மலிவான கூரையின் முழுக் கணக்கையும் ஒரே நாளில், அதனைக் கட்டக் குறைந்த வசதி படைத்தோரே தீர்த்தனர். முந்தைய ஆண்டு தோன்றியிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அந்நிலத்திலேயே அடுக்குமாடிகளை எழுப்பியது. கம்பங்களிலிருந்து மக்களை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்த்தும் பணி அத்தீயால் விரைவுபெற்றது என்பது வரலாற்றாசிரியர் பலர் கருத்து.

கான்கிரீட் எரியாது, ஆனால் பகலெல்லாம் வெப்பத்தை உள்வாங்கி இரவில் உமிழும். உச்சிமாடியில் வாழ்ந்தோர் இதனை நன்கறிவர். ஆகவே வீவக, தட்டையான கான்கிரீட் கூரைக்கு மேலே சிறு இடைவெளி விட்டு, கம்பிவலையில் சிமெண்டுக் கலவை பூசிய மெல்லிய ஃபெரோசிமெண்ட் பலகைகளை இரண்டாங் கூரையாகப் பரப்பியது. இப்பொருளை ஆராய்ந்த சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக அறிஞர்களுள் பேராசிரியர் பி. பரமசிவம் குறிப்பிடத்தக்கவர். இடையில் ஓடும் காற்றே தடுப்பு. அத்தாப்பு தன் இடுக்குகளால் செய்த வேலையைச் சிமெண்டு சுற்றிவளைத்துச் செய்கிறது எனலாம். 2014இல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தால் வீவக கூரைகளில் சூரியத் தகடுகளும் ஏறிவருகின்றன. புவாங்கோக் ரயில் நிலையமோ டெஃப்லான் விரிப்பினாலான வெண்கூரையைச் சூடியிருக்கிறது.

இன்று அடுக்குமாடியின் உச்சிக் கூரை பொதுச்சொத்து. அதனை நகர மன்றம் பேணுகிறது. செலவில் எல்லா மாடியினரும் மாதக் கட்டணத்தின்வழிப் பங்கேற்கின்றனர். பன்னிரண்டாம் மாடி மாணவரின் தலைக்கு மேலுள்ள தளம் கசிந்தால் கணக்கு வேறு: மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். வீவகவின் உதவித் திட்டத்தின்கீழ் பழுதுபார்த்தால் பாதியைக் கழகம் ஏற்கும். எஞ்சிய பாதியை இரு வீட்டாரும் சமமாகப் பகிர்வர்.