டார்ட்டன் துணியும் 'பழமை' என்னும் நிறமும்

ஆடை மானங் காப்பது. அணிபவர் இன்னார் என அறிவிப்பதும் அதுவே. ஸ்கொத்லாந்தின் மலைநாட்டார் இடையில் உடுக்கும் கில்ட் என்னும் மடிப்பாடை இவ்விரண்டாம் பணிக்கு உலகறிந்த எடுத்துக்காட்டாகும். அதற்குரிய டார்ட்டன் என்னும் கட்டக் கம்பளித் துணியை வாங்கச் செல்வோர், தம் குலப்பெயரைக் கூறியவுடன் காரியம் முடிந்ததென எண்ணுதல் இயலாது. ஒரே குலப்பெயர் தாங்கிய துணி 'நவீனம்', 'பழமை', 'வெயில்மழை பட்டது' என மூவகை நிறங்களில் அவர்முன் விரிக்கப்படும். இவற்றுள் மெய்யானது எது? இவ்வினாவுக்கு விடை துணிக்கடையில் இல்லை, வரலாற்றிலேயே உள்ளது.

டார்ட்டனின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். பாவில் நிறநூல்கள் எவ்வரிசையில், எவ்வெண்ணிக்கையில் அமைகின்றனவோ, அவ்வாறே ஊடையிலும் அமைவது பொதுவிதி. ஒத்த நிறங்கள் சந்திக்குமிடத்துத் தனிநிறமும், வேறு நிறங்கள் சந்திக்குமிடத்துக் கலப்புநிறமும் தோன்றும். ஆகவே நான்கு நிற நூல்களால் பத்துச் சாயல்களும், ஆறு நிற நூல்களால் இருபத்தொரு சாயல்களும் பிறக்கின்றன. ஒரு டார்ட்டனுக்குப் பெயர் தருவது இந்நூல் வரிசையே. நீலம் எத்துணை ஆழமானது, பச்சை எத்துணை வெளிறியது என்பன அப்பெயரைப் பொதுவாக மாற்றுவதில்லை.

இந்நெசவு மிகத் தொன்மையானது. போல்கேர்க் நகரருகே உரோம நாணயங்கள் நிறைந்த குடமொன்றுடன் கிடைத்த கட்டத்துணித் துண்டு கி.பி. 3-ஆம் நூற்றாண்டுக்குரியது. அதில் சாயமில்லை, ஆட்டு மயிரின் இயற்கை நிறங்கள் இரண்டே உள. கிளென் அவ்ரிக் பள்ளத்தாக்கின் சதுப்பு மண்ணிற் கிடைத்த சாயமிட்ட துண்டொன்று 1500-க்கும் 1600-க்கும் இடைப்பட்டதென 2023-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. 1703-இல் மேலைத் தீவுகளைப் பற்றி நூல் வெளியிட்ட மார்ட்டின் மார்ட்டின், துணியின் கோலம் இடத்துக்கிடம் வேறுபட்டதெனக் குறித்தார். அவர் கூறியது இடத்தையேயன்றிக் குலத்தை அன்று என்பது கருதத்தக்கது. கலோடன் போரைத் தீட்டிய டேவிட் மோரியர் என்னும் ஓவியரின் படத்திலும் மலைநாட்டு வீரர் பலவகை டார்ட்டன்களைக் கலந்தே அணிந்துள்ளனர்.

1746 ஏப்ரில் 16-ஆந் தேதி நிகழ்ந்த அப்போரில் மலைநாட்டுப் படை வீழ்ந்தது. அவ்வாண்டே பிரித்தானியப் பாராளுமன்றம் ஆண்கள் மலைநாட்டு உடை அணிவதைத் தடைசெய்தது. முதற் குற்றத்துக்கு ஆறுமாதச் சிறை. மறுமுறை ஏழாண்டு நாடுகடத்தல். அரச படையினருக்கு மட்டும் விலக்கு இருந்தது. தடை 1782-இல் நீங்கியபோது ஒரு தலைமுறையே கடந்துவிட்டது. மலைநாட்டவரின் உடை இதற்கிடையில் அரச படைப்பிரிவுகளின் சீருடையாகவே பெரிதும் நிலைத்திருந்தது. இன்று உலகெங்கும் விரும்பப்படும் பிளாக் வோச் டார்ட்டன் அவ்வாறு படையின்வழி வந்ததேயாம்.

தடைக்குப் பிந்திய மறுமலர்ச்சியில் வணிகருக்குப் பெரும்பங்கு உண்டு. பனொக்பேர்ன் ஊரின் வில்சன் நெசவாலையார் தம் கோலங்கள் பலவற்றை முதலில் எண்களாலேயே குறித்தனர். இலண்டன் மலைநாட்டுச் சங்கம் 1815-இல் குலத்தலைவரிடம் அவரவர் டார்ட்டன் மாதிரியைக் கேட்டபோது, தமக்குரியது எதுவெனத் தெளிவாக அறியாத தலைவரும் இருந்தனர். மக்பேர்சன் குலத்தாரது என இன்று வழங்கும் ஒரு கோலம், முன்னர் வில்சன் ஆலையில் எண்ணாலும் 'கிட்' என்னும் பெயராலும் விற்கப்பட்டதாகும். 1822-இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வருகைதந்தபோது, சேர் வோல்ட்டர் ஸ்கொட் வகுத்த விழாவில் மன்னரே கில்ட் அணிந்தார். குலத்துக்கொரு டார்ட்டன் என்னும் வழக்கம் அதன்பின் வேரூன்றிற்று. 1842-இல் பழஞ்சுவடியென வெளியிடப்பட்ட 'வெஸ்ரியாரியம் ஸ்கொற்றிக்கம்' போலி எனப் பின்னர் தெளிவாயிற்று; எனினும் அதன் கோலங்கள் பல இன்றும் அணியப்படுகின்றன.

இனி நிறத்துக்கு வருவோம். வில்சன் ஆலையார் காலத்து நெசவாளர் கடல்கடந்து வந்த அவுரியால் ஆழ்ந்த நீலமும், கொச்சினீல் பூச்சியால் ஒளிர்செம்மையும் பெற்றனர். இயற்கைச் சாயம் எப்போதும் மங்கலானது என்பது தவறான எண்ணம். 1856-இல் பேர்க்கின் கண்டுபிடித்த ஊதாச் சாயத்தைத் தொடர்ந்து செயற்கைச் சாயங்கள் பெருகின. கரும்பச்சை, கருநீலம், கடுஞ்சிவப்பு எனும் 'நவீன' நிறங்கள் அவற்றின் விளைவெனப் பலர் கருதுகின்றனர். ஆயினும் அவை வில்சன் காலத்து நிறங்களுக்குப் பலவிடத்து நெருங்கியனவாகும். வான்நீலமும் புல்நிறப் பச்சையும் செம்மஞ்சள் சாயலும் கொண்ட 'பழமை' நிறங்களோ, பழந்துணிகள் மங்கிய தோற்றத்தை எண்ணி 20-ஆம் நூற்றாண்டில் வகுக்கப்பட்டவை. மூன்றாம் வகையின் வரலாறு இன்னும் வியப்பானது. செல்கேர்க் நகரின் டல்கிளீஷ் நெசவாலை 1940-களின் இறுதியில் இதனை உருவாக்கியது. கலோடன் போர்க்களத்தில் புதைந்து கிடந்த துணித்துண்டே முன்மாதிரி என்பர். நீலம் சாம்பலாகவும் பச்சை பழுப்பாகவும் மாறியது மண்ணின் செயல். நெய்தவர் கருதிய நிறம் அதுவன்று.

எனவே கில்ட்டுக்குத் துணி தெரிவோர் 'பழமை' என்னும் பெயர்ச்சீட்டைக் கண்டு மயங்குதல் வேண்டா. பிளாக் வோச் போன்ற கோலம் நவீன நிறத்தில் தொலைவிலிருந்து நோக்கக் கருமையாகவே தோன்றும். வெளிறிய நிறத்தில் அதன் கட்டங்கள் புலப்படும். ஓர் ஆலையின் பச்சை மற்றோர் ஆலையின் பச்சையோடு ஒவ்வாமையால், கில்ட்டுக்கும் உடன் அணியும் மேலாடைக்கும் ஒரே சாயத் தொகுதியின் துணியைப் பெறுதல் நன்று. ஒருயார்த் துணி பதின்மூன்று முதல் பதினாறு அவுன்சு எடையுள்ள கம்பளியாயின் மடிப்பு நன்கு நிற்கும். மரபான கில்ட்டுக்கு ஒற்றை அகலத்தில் எட்டுயார் அளவு வேண்டும். கோலம் முழுதும் பின்புறத்தில் மீளத் தோன்றுமாறு மடிப்பது ஒருமுறை. ஒரு கோடே மடிப்புதோறும் நிற்குமாறு மடிப்பது படையினர் முறை. எனவே துணியை விரித்து மட்டுமன்றி மடித்தும் பார்த்தே நிறத்தைத் தெரிதல் வேண்டும்.

இவ்வரலாற்றை அறிந்தோர் டார்ட்டனைப் பொய்யென இகழ்வது முறையாகுமா? ஆகாது. தடைசெய்யப்பட்ட உடையை ஒரு மக்கள் மீண்டும் தமதாக்கிக்கொண்டது மெய். இரு நூற்றாண்டுகளாக அதனை அணிந்து மணமுடித்ததும், போரில் மடிந்ததும் மெய். மரபு என்பது தோன்றிய நாளால் மட்டும் அளக்கப்படுவதன்று. அதனைப் போற்றியோரின் வாழ்வாலும் அளக்கப்படுவது. ஆயினும் போற்றுதல் ஒன்று, ஆண்டைக் கூட்டிச் சொல்லுதல் வேறொன்று. நேற்று வகுத்த நிறத்தை நேற்றையதென்றே அறிந்து விரும்பி அணிபவர், அதனை ஆயிரமாண்டுப் பழமையென மயங்கி அணிபவரினும் தம் முன்னோரை நன்கு மதித்தவராவர். எந்நாட்டு மரபை ஆராயும் மாணவருக்கும் இது பொருந்தும்.